புதிதாகக் குழுப் பொறுப்பேற்றவருக்கு: உடன் வேலை செய்பவரின் மனநலம் காக்க ஒரு வழிகாட்டி

நேற்று வரை பக்கத்து மேசையில் அமர்ந்து உங்களோடு சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டவர் இன்று உங்களிடம் விடுப்புக் கேட்டு வந்து நிற்கிறார் என்றால், நீங்கள் மேற்பார்வையாளராகவோ டீம் லீடராகவோ ஆகிவிட்டீர்கள் என்று பொருள். பதவி உயர்வுக் கடிதத்தில் சம்பளமும் இலக்குகளும் எழுதப்பட்டிருக்கும். குழுவில் ஒருவர் மூன்று வாரமாகத் தூங்கவில்லை என்றால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரியும் இருக்காது. பெரிய நிறுவனங்களில் இதற்கென மனிதவளப் பிரிவும் ஆலோசகர்களும் உண்டு. முப்பது, நாற்பது பேர் வேலை செய்யும் இடங்களில் அந்தப் பொறுப்பு யாரும் சொல்லாமலே குழுத்தலைவரின் தலையில் வந்து விழுகிறது. அப்படிப்பட்டவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டவன் என்பதால் எடுத்துக்காட்டுகள் அங்கிருந்துதான் வரும். உங்கள் வேலை வேறாக இருந்தால் தேதிகளையும் பில்களையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பொறுப்பேற்ற முதல் ஆண்டில், எங்கள் பிரிவில் இருந்த ஓர் இளைஞர் ஒரு மாலை என் மேசைக்கு வந்து, "சார், மனசே சரியில்லீங்க" என்றார். நான் தோளில் தட்டி, இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வரச் சொன்னேன். பெரிய மனது பண்ணிவிட்டதாக எனக்கு நினைப்பு. அவர் திரும்பி வந்தபோது சாயப்பட்டறை பில், நிட்டிங் பில், எம்பிராய்டரி பில் என்று இரண்டு நாள் பில்களும் அவர் மேசையிலேயே குவிந்திருந்தன. மின்விசிறிக் காற்றில் பறக்காதிருக்க யாரோ அவற்றின் மேல் ஒரு காலி டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவர் அந்த கிளாஸை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வெகுநேரம் நாற்காலியில் உட்காராமல் நின்றார். மூன்றாவது வாரம் வேலையை விட்டுவிட்டார். நான் கொடுத்தது விடுப்பு. அவருக்கு வேண்டியிருந்தது வேலை குறைவது. கனிவு வேலையின் அளவிலும் நேரத்திலும் பொறுப்பிலும் இறங்காவிட்டால் அதனால் யாருக்கும் பயனில்லை என்று அன்று பட்டதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

நீங்கள் மருத்துவர் இல்லை. ஒருவருக்கு மனச்சோர்வு நோயா, பதற்ற நோயா, வெறும் களைப்பா என்று முடிவு செய்வது உங்கள் வேலை இல்லை; அதற்கு முயல்வதும் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் தன் 11ஆம் நோய் வகைப்பாட்டில், வேலையால் வரும் எரிந்துபோன நிலையை (பர்ன்அவுட்) நோயாகச் சேர்க்காமல், சரிவரக் கையாளப்படாத நீடித்த பணி அழுத்தத்தால் விளையும் தொழில்சார் நிகழ்வாக வகைப்படுத்தியிருக்கிறது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையின் மீது மனம் விலகிக் கசந்துபோதல், தன்னால் எதுவும் முடியவில்லை என்று தோன்றுதல் ஆகிய மூன்றையும் அதன் கூறுகளாக அது சொல்கிறது. இதில் மேற்பார்வையாளர் கவனிக்க வேண்டியது, இந்நிலை வேலையிலிருந்து வருகிறது என்பது. வேலை உங்கள் கையில் இருக்கிறது. நோய் மருத்துவர் கையில் இருக்கிறது. இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் பரிவுத் தலைமை பற்றி நெடுங்காலம் ஆராய்ந்து வரும் பேராசிரியர் மைக்கேல் வெஸ்ட் அதை நான்கு செயல்களாகப் பிரிக்கிறார்: கவனித்தல், புரிந்துகொள்ளுதல், உடன் உணர்தல், உதவுதல். நம் ஊரில் முதல் மூன்றுக்குப் பஞ்சமில்லை. "பாவம், என்ன கஷ்டமோ" என்று சொல்லாத ஆளைக் காண்பது அரிது. நான்காவதில்தான் நாம் சறுக்குகிறோம்.

இரண்டாம் படி: ஆளைப் பார்க்கும் முன் வேலையைப் பாருங்கள்

பிரிட்டனின் பணியிட உடல்நல, பாதுகாப்பு அமைப்பு 2004இல் வெளியிட்ட பணி அழுத்த நெறிமுறைகள் ஆறு இடங்களைச் சுட்டிக்காட்டுகின்றன. வேலைப்பளு, தன் வேலையைத் தானே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் உரிமை, கிடைக்கும் ஆதரவு, சக ஊழியர்களுடனான உறவு, பொறுப்பில் தெளிவு, மாற்றங்கள் அறிவிக்கப்படும் விதம் ஆகியவையே அவை. ஒரு தாளில் இந்த ஆறையும் இடப்பக்கம் எழுதி, மேலே குழுவினரின் பெயர்களை எழுதி, யாருக்கு எங்கே இடிக்கிறது என்று குறியுங்கள். நேர்மையாகச் செய்தால் அரை மணி நேரத்தில் உங்கள் பிரிவின் நோய் இன்னதென்று உங்களுக்கே விளங்கிவிடும்.

கணக்குப் பிரிவில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். மாதத்தின் 7ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். (பிடித்து வைத்த வருமான வரி) கட்ட வேண்டும், 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவரப் படிவம்), 15ஆம் தேதி பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு); 20ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி (வரி கட்டும் படிவம்). இடையில் 14ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-2பி (நமக்கு விற்றவர்கள் பதிவேற்றிய பில்களின் பட்டியல்) வந்தபின்தான் எந்தச் சாயப்பட்டறைக்காரர் நம் பில்லைப் பதிவேற்றவில்லை என்பது தெரியும். அதற்குப் பிறகுள்ள ஆறு நாளும் ஒருவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் கெஞ்ச வேண்டும். அந்த ஆறு நாள் வேலையை ஆண்டு முழுதும் ஒரே ஆள் தலையில் கட்டியிருந்தேன் என்பது, இப்படி ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் வரை எனக்கே தெரியாது. வேலைவிட்டுப் போன அந்த இளைஞர்தான் அந்த ஆள்.

பொறுப்புத் தெளிவு என்பதும் இங்கே பெரிய சிக்கல். சிறு நிறுவனங்களில் ஒருவருக்கு இரண்டு முதலாளிகள் இருப்பார்கள்: அண்ணன் ஷிப்மெண்ட் பேப்பரை முதலில் முடி என்பார், தம்பி பேங்க் ஸ்டேட்மெண்டை முதலில் கொடு என்பார். நடுவில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் அடி. அத்தகைய இடத்தில் குழுத்தலைவர் செய்யக்கூடிய மிகப்பெரிய மனநல உதவி, "எதுவானாலும் என் வழியாகச் சொல்லுங்கள்" என்று இரு முதலாளிகளிடமும் பணிவாக, ஆனால் விடாமல் சொல்வதுதான். இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் கேள்வி போடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதை நாளையிலிருந்தே நிறுத்துங்கள். "காலையில் பார்த்தால் போதும்" என்று கூடவே எழுதினாலும் படிப்பவரின் தூக்கம் அன்று போனதுதான்.

மூன்றாம் படி: மாதம் ஒருமுறை தனியாகப் பேசுங்கள்

ஒவ்வொருவருடனும் மாதம் ஒருமுறை இருபது நிமிடம் தனியாகப் பேசும் வழக்கத்தை, எல்லோரும் நன்றாக இருக்கும்போதே தொடங்குங்கள். சிக்கல் வந்தபின் அழைத்தால், "சார் கூப்பிடுறார்" என்பதே ஒரு தண்டனையாகத் தெரியும். நாள் தேர்வதிலும் கவனம் வேண்டும். 18ஆம் தேதி பேச அழைத்தால், அந்த இருபது நிமிடமும் அவர் மனதில் கணக்குதான் ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் 21ஆம் தேதிக்குப் பிறகு வைத்துக்கொண்டோம்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டீக்கடை வேண்டாம், திருப்பூர் டீக்கடையில் பாதிக் கம்பெனி நின்றுகொண்டிருக்கும், மீதிப் பாதிக்கு மாலைக்குள் செய்தி போய்விடும். நீங்கள் ஆணாகவும் பேச வேண்டியவர் பெண்ணாகவும் இருந்தால், கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது அவருக்குத்தான் சங்கடம். பார்வைக்குத் தெரிகிற, காதுக்கு எட்டாத இடமாக இருக்கட்டும். மதிய உணவு முடிந்து காலியாகக் கிடக்கும் சாம்பிள் அறையின் கதவைத் திறந்து வைத்துப் பேசுவது எங்களுக்கு ஒத்துவந்தது. பெண்கள் சிலர் பிரிவில் மூத்த அக்காவிடம் பேசவே விரும்புவார்கள். அதில் உங்கள் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

நான்காம் படி: மாற்றத்தைக் கவனியுங்கள்

இயல்பிலேயே அமைதியானவர் அமைதியாக இருப்பதில் ஒன்றுமில்லை. கலகலப்பானவர் அமைதியானால்தான் கவனிக்க வேண்டும். ஆறு மணிக்குப் பேரேட்டை மூடிவிடுபவர் எட்டு மணி வரை உட்கார்ந்தும் வேலை முடியாமல் இருப்பது, ஒருபோதும் கூட்டலில் தவறாதவர் ஒரே எண்ணை இரண்டு முறை பதிவது, சாப்பாட்டுக் கூட்டத்தைத் தவிர்ப்பது, சிறு கேள்விக்கும் எரிந்து விழுவது, திங்கட்கிழமைகளில் திரும்பத் திரும்ப விடுப்பு எடுப்பது ஆகியவை நான் கண்ட அடையாளங்கள். இவற்றில் ஏதேனும் இரண்டு வாரம் தாண்டித் தொடர்ந்தால் கேட்டுவிடுவது நல்லது.

நம் மக்கள் மனதின் வலியை உடலின் வலியாகவே சொல்வார்கள் என்பதை மறக்க வேண்டாம். "தலைவலி விடவே மாட்டேங்குது", "நெஞ்சு படபடங்குது", "வயிறு சரியில்லை", "ஒண்ணுமே ஓட மாட்டேங்குது" என்பவற்றின் பின்னால் வேறொன்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உடல் நோயா என்று முதலில் மருத்துவரிடம் காட்டச் சொல்வதே சரி. படபடப்பு இதயத்திலிருந்தோ தைராய்டிலிருந்தோ வந்திருக்கவும் கூடும்.

ஐந்தாம் படி: பேச்சைத் தொடங்குவது

புதியவர்கள் மிகவும் தயங்குவது இங்கேதான். கண்ணால் கண்டதை மட்டும் சொல்லித் தொடங்குங்கள். முடிவைச் சொல்லித் தொடங்காதீர்கள். "ஏன் இப்படி டல்லா இருக்கே?" என்பது குற்றச்சாட்டு. "ரெண்டு வாரமா மதியம் சாப்பிட வரலையே, கவனிச்சேன். எல்லாம் சரியா இருக்கா தம்பி?" என்பது கேள்வி. "ஒண்ணுமில்லீங்க சார்" என்றுதான் முதல் பதில் வரும். அதைத் தோண்டவும் வேண்டாம், அதோடு விட்டுவிடவும் வேண்டாம், "சரிப்பா, எப்ப வேணும்னாலும் சொல்லு. வியாழக்கிழமை மறுபடி ஒருதரம் கேட்பேன்" என்று சொல்லி, வியாழக்கிழமை கேட்டே ஆகுங்கள். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் இவர் ஒப்புக்குக் கேட்கவில்லை என்ற நம்பிக்கை பிறக்கிறது.

அவர் பேசத் தொடங்கினால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். இடையில் மௌனம் வந்தால் அதை நிரப்ப அவசரப்படாதீர்கள். நம் வாயில் தானாக வந்து விழும் சில வாக்கியங்களைக் கடித்து அடக்க வேண்டும்: "எல்லாருக்கும் இருக்கறதுதான்", "நாங்க பார்க்காத கஷ்டமா", "கோயிலுக்குப் போயிட்டு வா, சரியாயிடும்", "ஒரு கல்யாணம் பண்ணிக்கோ". நல்லெண்ணத்தில்தான் சொல்கிறோம், கேட்பவருக்கோ, இத்துடன் நிறுத்திக்கொள் என்று சொல்வதுபோல் படுகிறது. அவருடைய கதைக்குப் பதிலாக உங்கள் கதையைச் சொல்லத் தொடங்குவதும் அப்படித்தான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இப்ப வேலையில எதைக் குறைச்சா உனக்கு மூச்சு விட முடியும்?"

ரகசியம் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "நீ சொல்றது என்னோட இருக்கும், உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் வேற ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டி வரும்" என்ற வாக்கியம் போதும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுப் பின்னர் மீற நேர்ந்தால் அந்த நம்பிக்கை திரும்பி வராது. வேலையை மாற்றியமைக்க மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தால், எவ்வளவு சொல்லலாம் என்று அவரிடமே கேளுங்கள். "உடல்நிலை காரணமாக மூன்று வாரம் வேலை குறைப்பு" என்பதற்கு மேல் முதலாளிக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

ஆறாம் படி: வேலையை மாற்றி எழுதுங்கள்

பேசி முடித்த இரண்டு நாளுக்குள் வேலையில் ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரியும்படி மாற வேண்டும். எதை எடுக்கிறோம், யாரிடம் கொடுக்கிறோம், எத்தனை வாரத்துக்கு, எந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம் என்ற நான்கையும் எழுதிவிடுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் அடுத்த ஷிப்மெண்ட் அவசரத்தில் அது காற்றில் போய்விடும்.

எடுத்த வேலையை அப்படியே இன்னொருவர் தலையில் வைப்பதுதான் இதில் நிகழும் பெரிய அநியாயம். கேட்டால் மறுக்காத ஒருவர் ஒவ்வொரு பிரிவிலும் இருப்பார்; எல்லாம் அவரிடமே போகும், ஆறு மாதத்தில் அவரும் விழுவார். பிற்காலத்தில் எங்கள் பிரிவில் ஓர் அக்காவுக்கு இப்படி வேலை குறைக்க நேர்ந்தபோது, 2பி ஒப்பிடும் வேலையை மூன்று பேருக்குச் சப்ளையர் வாரியாகப் பிரித்தோம். இருபது ஆண்டு வழக்கமாக யாரும் படிக்காமல் கோப்பில் போய்க்கொண்டிருந்த ஒரு வார அறிக்கையை அடியோடு நிறுத்தினோம். அந்த அறிக்கை எங்கே என்று இன்று வரை ஒருவரும் கேட்கவில்லை.

முதலாளி முகம் சுளித்தால் கணக்குப் பேசுங்கள். அவருக்கு அந்த மொழி புரியும். புதிய ஆள் ஒருவரைத் தேடிப் பிடித்து, டாலி கணக்கு மென்பொருளில் நம் முறைப்படி பதியக் கற்றுக்கொடுத்து, சாயப்பட்டறைக்காரர்களோடு பழக வைக்க எத்தனை மாதச் சம்பளம் போகும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டலாம். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருப்பதையும் சொல்லலாம் என்றாலும், என் அனுபவத்தில் அந்த ஒற்றைத் தாளுக்கு இருந்த வலு உலகக் கணக்குக்கு இருந்ததில்லை.

ஏழாம் படி: உதவி கிடைக்கும் இடத்தைக் காட்டுங்கள்

வேலையைக் குறைத்தும் இரண்டு மூன்று வாரத்தில் மாற்றமில்லை என்றாலோ, தூக்கமும் பசியும் அடியோடு போயிருந்தாலோ, தொழில்முறை உதவி தேவை. இந்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவப் பிரிவு உண்டு. எண்ணை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாமல், மருத்துவரிடம் போக அரை நாள் அனுமதி கொடுத்து, அதைச் சம்பளத்தில் பிடிக்காமல் இருப்பதே உண்மையான உதவி.

பணம் பற்றிய அச்சத்தையும் போக்குங்கள். ஈ.எஸ்.ஐ. உறுப்பினருக்கு மனநலச் சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் அடங்கும். மருத்துவர் ஓய்வு எழுதினால், சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருக்கும்பட்சத்தில், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். நீண்டகால நோய்களுக்கான கூடுதல் உதவித்தொகைப் பட்டியலில் மனச்சிதைவும் கடும் மனச்சோர்வு வகையும் இடம்பெற்றிருக்கின்றன. அதன் விகிதம் 80 சதவீதம். தனியார் காப்பீடு என்றால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்கிறது. உங்கள் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டு ஆவணத்தை ஒருமுறை எடுத்துப் படித்து வையுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னையில் 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை பின்னாளில் கீழ்ப்பாக்கத்தில் அமைந்ததால், அந்த ஊரின் பெயரையே கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று உங்கள் பிரிவில் ஒருவர் சொல்லி நீங்களும் சிரித்தால், அன்றோடு உங்களிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த இடத்திலேயே, குரலை உயர்த்தாமல், "அந்த வார்த்தை இங்கே வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

"நான் இருந்து என்ன ஆகப்போகுது", "எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்னு இருக்கு" என்பது போன்ற சொற்களைக் கேட்டால் மேலே சொன்ன வரிசை எதுவும் பொருந்தாது. "செத்துப் போயிடலாம்னு நினைப்பு வருதாப்பா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. சொல்ல வழியில்லாமல் தவித்தவருக்கு அது வாசல் திறந்தது போல் இருக்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், தனியே வீட்டுக்கும் அனுப்பாதீர்கள். அவர் நம்பும் குடும்பத்தினர் ஒருவரை வரவழைத்து, அவர் பக்கத்தில் இருக்கும்போதே 14416க்கோ, 1986 முதல் சென்னையில் இயங்கிவரும் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் 044-24640050 என்ற எண்ணுக்கோ அழையுங்கள்; உடனடி ஆபத்து என்றால் 108. போலீஸ் வழக்கு வருமோ என்று குடும்பத்தார் அஞ்சினால், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவர் தண்டிக்கப்படக் கூடாது என்று அதே மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்வதை எடுத்துச் சொல்லுங்கள்.

எட்டாம் படி: திரும்பி வரும் நாள்

நீண்ட விடுப்பிலிருந்து ஒருவர் திரும்பும் முதல் நாள், அவர் மேசை காலியாக இருக்க வேண்டும். முந்தைய நாளே தொலைபேசியில் பேசி, உடன் வேலை செய்பவர்களுக்கு என்ன சொல்லியிருக்கிறோம் என்பதைத் தெரிவித்துவிடுங்கள். முதல் வாரம் பாதி வேலை, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டலாம். மாதத்தின் முதல் இருபது நாளுக்குள் யாரையும் திரும்ப அழைக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டியுங்கள்

பரிவு காட்டுகிறேன் என்று தவறுகளைச் சொல்லாமல் விழுங்குவது புதியவர்களின் பொதுவான வழக்கம். நான் அப்படி ஒருவரின் தவறுகளை எட்டு மாதம் நானே இரவில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தேன், ஆண்டு மதிப்பீட்டில் குறைந்த மதிப்பெண் வந்தபோது அவர் கேட்ட கேள்வி, "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல சார்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. தவறை அன்றன்றே, தனியாக, அந்த ஒரு தவற்றை மட்டும் சொல்லுங்கள். நலம் விசாரிக்கும் பேச்சையும் குறை சொல்லும் பேச்சையும் ஒரே அமர்வில் கலக்காதீர்கள். கலந்தால் அடுத்த முறை நலம் விசாரிக்க அழைக்கும்போதே அவருக்குக் கை நடுங்கும்.

உங்களைப் பற்றியும்

பிறர் சொல்லும் துயரங்களைக் கேட்டுக் கேட்டு உங்கள் தூக்கம் கெடத் தொடங்கினால், அதே 14416 உங்களுக்கும் உண்டு. வேறு பிரிவில் உங்களை ஒத்த பொறுப்பில் இருக்கும் ஒருவரோடு, பெயர்களைச் சொல்லாமல், அவ்வப்போது பேசுவதும் உதவும். நீங்கள் விடுப்பே எடுக்காமல் இருந்தால் உங்கள் குழுவினருக்கும் விடுப்புக் கேட்க நா எழாது. ஆகவே விடுப்பெடுக்கும்போது அறிவித்துவிட்டு எடுங்கள், அன்று வாட்ஸ்அப்பில் எட்டிப் பார்க்காதீர்கள்.

இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை சிறியதுதான். நாட்காட்டியை எடுத்து, உங்கள் பிரிவின் நெருக்கடித் தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, அவற்றுக்கு வெளியே ஆளுக்கு இருபது நிமிடம் எழுதிக்கொள்ளுங்கள். முதலில், உங்களிடம் அதிகம் பேசாத அந்த ஒருவரின் பெயரை எழுதுங்கள்.